மாதிரிக்கு ஒரு கட்டம்

‘மாதிரிக்கு’ ஆசாமி என்று ஒரு பிறவி உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் மூக்குக் கண்ணாடியைக் கேட்காமலே கழற்றி, ஒரு பக்கத்தை மட்டும் பக்குவமாகத் துடைத்து, “இப்ப போட்டுப் பாருங்க” என்று திருப்பிக் கொடுப்பாரே, அவர்தான். ஒரு கண்ணுக்கு உலகம் தெளிவாகவும் மறு கண்ணுக்குப் புழுதி படிந்தும் தெரியும். அதற்குப் பிறகு மற்றதைத் துடைக்காமல் உங்களால் இருக்க முடியுமா?

இந்த இனத்தின் தலைமகனை எல்லோரும் ‘பளிச்’ என்றே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் இந்தக் குணத்தால் நண்பர்களை இழப்பார்கள். பளிச் இதை வைத்தே பிழைத்தார். திறந்தவெளி ஆடுகளங்களை இயந்திரத்தால் வேகமாகத் தண்ணீர் அடித்து ‘பிரஷர் வாஷ்’ செய்வது அவர் தொழில். டென்னிஸ் கோர்ட்டோ கூடைப்பந்து கோர்ட்டோ, மழைக்குப் பாசி பிடித்து ஆடுகிறவர்கள் வழுக்கத் தொடங்கினால் போதும், வண்டியில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வந்து நிற்பார். விலை பேச மாட்டார். விளம்பரம் நீட்ட மாட்டார். “வேலை குடுக்கணும்னு இல்ல சார், சும்மா ஒரு மாதிரிக்கு” என்று சொல்லிக்கொண்டே, கோர்ட்டின் நட்டநடுவில், ஓரத்தில் அல்ல, கவனியுங்கள், நட்டநடுவில், ஒரு துண்டு விரிக்கும் அளவுக்குத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, குழாயைச் சுருட்டிக்கொண்டு, ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போய்விடுவார். நேற்று வரை யாருக்கும் தெரியாத அழுக்கு அன்றிலிருந்து எல்லோர் கண்ணையும் உறுத்தும். ஆடுகிறவர் பந்தைக் கோட்டைவிட்டுவிட்டுக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாரம் முடிவதற்குள் பளிச்சுக்குப் போன் வந்துவிடும்.

தொழில் தொழிலோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்? விருந்துக்குப் போன வீட்டில் மின்விசிறியின் ஓர் இறக்கையை மட்டும் துடைத்துவிட்டு வந்தார். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் மீன் தொட்டியின் ஒரு மூலையைத் தேய்த்தார். கடைசியில் மனைவியின் அண்ணன் வீட்டு மதில் சுவரில், ஆள் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, ஆளுயரத்துக்கு ஒரு கட்டம் கழுவி வைத்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் “இங்க கதவு வைக்கப் போறீங்களா?” என்று கேட்கக் கேட்க, மச்சானுக்கு வெறுத்துவிட்டது. பேச்சுவார்த்தை நின்றது. பளிச்சின் மனைவிக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரே அண்ணன்தான். அவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து அழுத நாட்கள் உண்டு.

அழுது, போன் போட்டு, மறுபடி அழுது, ஒருவழியாக அண்ணன் மனத்தை இளக்கினாள். அவர், தனித்தனி வீடுகள் கொண்ட ஒரு பெரிய குடியிருப்பின் சங்கச் செயலாளர். அங்கே ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. அதைக் கழுவும் வேலையைத் தங்கை வீட்டுக்காரருக்கே கொடுக்கலாம், நேரில் வரட்டும் என்றார்.

“என்னங்க, போனோமா, காபி குடிச்சோமா, வந்தோமான்னு இருக்கணும். எதையும் தொடக் கூடாது.”

“தொட மாட்டேன்.”

“மாதிரிக்குக்கூட.”

பளிச் அதற்குள் இயந்திரத்தை வண்டியில் ஏற்றப் போய்விட்டார்.

அவருடைய கெட்ட நேரம், சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மச்சான் இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை. எதிரே கோர்ட். இந்த மூலை முதல் அந்த மூலை வரை ஒரே பச்சை. அடேயப்பா, இவ்வளவு பாசியா! கை துறுதுறுத்தது. குழாய் முனையைத் தரையோடு ஒட்டிப் பிடித்தார். மச்சான் கீழே வந்தபோது சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் ஈரத்தோடு மின்னிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா மச்சான், எவ்வளவு பாசி!”

மச்சான் குனிந்தார். விரலால் தடவினார். நிமிர்ந்தார்.

“மாப்ள, அது பாசி இல்ல. பெயின்ட்.”

வெயிலில் வெளுத்துப் பொருக்குத் தட்டிய பழைய பெயின்ட்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாசியிலேயே காலம் தள்ளிய கண்ணுக்குப் பச்சையெல்லாம் பாசியாகத்தானே தெரியும்? மச்சான் கத்தியிருந்தால்கூடத் தேவலை. “ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன். முடிவை அங்க சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார். வேலை போனால் போகட்டும், வீட்டில் என்ன சொல்வது? பளிச் நடந்ததைச் சொன்னார். மனைவி எழுந்து உள்ளே போனாள். சமையலறைப் பாத்திரங்கள்தான் பேசின.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஊரிலுள்ள கோர்ட்டையெல்லாம் கழுவிய அந்த இயந்திரம் இளைப்பாறும் இடம், அதாவது பளிச் வீட்டு வாசலின் சிமென்ட் தரை, கன்னங்கரேலென்று கிடந்தது. மனைவி ஒருமுறை அதில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். “நம்ம வீடுதானே, எப்ப வேணா பாத்துக்கலாம்” என்பது அப்போது பளிச் சொன்ன ஆறுதல்.

மச்சான் பையிலிருந்து தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்தார். தங்கையிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வாசலின் நட்டநடுவில் உட்கார்ந்து, துண்டு விரிக்கும் அளவுக்குத் தேய்தேயென்று தேய்த்தார். கட்டம் பால்போல் வெளுத்ததும் மூச்சு வாங்க எழுந்தார்.

“வேற ஒண்ணுமில்ல மாப்ள. சும்மா ஒரு மாதிரிக்கு.”

தங்கைதான் முதலில் சிரித்தாள். அண்ணனும் சேர்ந்துகொண்டார். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்புக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“கோர்ட் வேலை உங்களுக்குத்தான். புது பெயின்ட் அடிக்கணும்னா மிச்சத்தையும் உரிச்சாகணுமே! ஆனா முதல்ல இத முடிச்சிட்டு வாங்க.”

பளிச்சுக்குக் காபி இறங்கவில்லை. கண் அந்தக் கட்டத்தை விட்டு நகரவில்லை. பாதி டம்ளரை வைத்துவிட்டு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

நன்றாகச் சிரித்தீர்களா? சிரிக்கும்போதே, “இதை அவனுக்குப் படிச்சுக் காட்டணும், அப்பவாவது புத்தி வருதா பாப்போம்” என்று உங்களுக்கு வேண்டிய ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்குமே? வந்ததல்லவா?

சரி, கையிலிருக்கும் குழாயைக் கீழே வையுங்கள். முதலில் உங்கள் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.