வராத படிக்கட்டுக்கு நஷ்டஈடு கேட்டு மைத்துனருக்கு

இரும்புப் பட்டறை உரிமையாளரும் என் மனைவியின் ஒரே தம்பியுமாகிய தங்களுக்கு,

கீழ்வீட்டில் நான் நலம். மாடியில் தங்கள் அக்காள் நலம். அங்கே தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தங்கள் வெல்டரின் கண்ணும் நலமா என்பதை எனக்குக் கோபம் வருவதற்கு முன்பாகவே விசாரித்துக்கொள்கிறேன். இது சொந்தக்காரன் எழுதும் கடிதம் அல்ல. சரக்குக்கு ஆர்டர் கொடுத்தவன் சரக்கு அனுப்பாதவருக்கு எழுதுவது. ஆகையால் ‘தாங்கள்’ என்றே எழுதுகிறேன். நடுவில் எங்காவது ‘நீ’ என்று வந்துவிட்டால் அது கோபத்தில் வந்தது, உரிமையில் வந்தது அல்ல என்று எடுத்துக்கொள்ளவும்.

உத்தியோகக் காலம் முழுவதும் நான் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, தாமதமாகச் சரக்கு அனுப்பியவர்களுக்கு நோட்டீஸ் எழுதியே தலை நரைத்தவன். போல்ட்டு கம்பெனிக்காரர்கள் என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே லாரியைக் கிளப்புவார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும் தாங்கள் என்னிடமே இப்படிச் செய்தது, ஓய்வு பெற்றவன்தானே என்ற தைரியத்தில் என்றே நினைக்கிறேன்.

வாடகைக்கு விடலாம் என்று மாடியில் ஒரு சின்ன வீடு கட்டினோம். ஏறிப் போக வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு என்று முடிவானதும், வெளியாளிடம் போக வேண்டாம், தம்பி இருக்கிறான் என்று தங்கள் அக்காள்தான் சொன்னாள். தாங்கள் டேப்போடு வந்து அளவெடுத்தீர்கள், டீ குடித்தீர்கள், “கவலையை விடுங்க அத்தான், மேஸ்திரி பூச்சு வேலை முடிக்கிறதுக்குள்ள படிக்கட்டு வந்து நிக்கும்” என்றீர்கள். பூச்சு முடிந்தது. டைல்ஸ் ஒட்டி முடிந்தது. பெயின்ட் அடித்து, குழாய் மாட்டி, திறந்தால் தண்ணீரும் வருகிறது. படிக்கட்டு மட்டும் வரவில்லை. போன் செய்தால் முதலில் இரும்பு வரவில்லை என்றீர்கள், அப்புறம் கரன்ட் இல்லை என்றீர்கள், அப்புறம் வெல்டருக்குக் கண் வலி என்றீர்கள், கடைசியாக “பெயின்ட் இன்னும் காயலை அத்தான்” என்றீர்கள். வெல்டிங்கே ஆகாத படிக்கட்டுக்கு எப்படிப் பெயின்ட் அடித்தீர்கள் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

மேஸ்திரி நல்ல மனிதர். “சார், வீடு ரெடி. உள்ள போறதுக்குத்தான் வழி இல்ல” என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் விளக்குகிறார். படிக்கட்டு வந்து உட்கார வேண்டிய இடத்தில் கைப்பிடிச் சுவரை உடைத்து வைத்திருக்கிறார். படிக்கட்டு வந்தால்தான் அந்த இடத்தைப் பூச முடியுமாம். அதுவரை தன் ஏணியை இங்கேயே சாத்தி வைத்துவிட்டு அதற்கு வாடகை கேட்கிறார். மாடிக்குக் குடிவர இருந்த மருந்துக்கடைக்காரர், தன் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு பீரோவோடு வந்து இறங்கினார். அவர் தன் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறார். பீரோ என் கூடத்தில் தங்கியிருக்கிறது. கண்ணாடி பதித்த பீரோ. கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் நான் தனியாக உட்கார்ந்திருப்பதை எனக்கே காட்டிக்கொண்டிருக்கிறது.

தனியாக என்று சொல்லக் காரணம் உண்டு. அதுதான் இந்தக் கடிதத்தின் மையமான புகார். ஒரு நாள் காலையில், சமையலறை டைல்ஸ் எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று உன் அக்காள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஸ்திரியின் ஏணியில் மளமளவென்று ஏறிப் போனாள். ஏறினவள் இறங்கவில்லை. சுவரோரம் வந்து நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்குத் தலை சுத்துதுங்க. படிக்கட்டு வரட்டும், இறங்கிக்கறேன். இப்போதைக்கு ஒரு தலையணை மட்டும் அனுப்புங்க” என்றாள். மணல் ஏற்றும் கப்பியில் வாளியைக் கட்டித் தலையணையை அனுப்பினேன். மறுநாள் இருந்த இரண்டு அடுப்பில் ஒன்று போனது. அதற்குப் பிறகு பாத்திரங்கள், மசாலா டப்பா, ரேடியோ. கயிற்றில் ஆடிக்கொண்டே தையல் மெஷின் மேலே போனபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேஸ்திரியின் ஆட்கள் முறையாக எண்ணி ஏற்றுகிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவளே மேலே சமைத்து, மத்தியானம் வாளியில் கேரியரை இறக்கினாள். சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பு ஒரு கல் குறைவு, பீன்ஸை இன்னும் பொடியாக நறுக்கியிருக்கலாம் என்று வாசலில் நின்று தெரிவித்தேன். தரத்தைச் சோதித்துச் சொல்வது என் பழக்கம், உனக்கே தெரியும். மறுநாள் வாளி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அரிசியும், பீன்ஸும், ஒரு கத்தியும், உப்புப் பொட்டலமும் இருந்தன. அன்றிலிருந்து நானேதான் பொங்கிக்கொள்கிறேன். இரண்டு பாத்திரம் அடிப்பிடித்து வீணாகிவிட்டது. அதுவும் உன் கணக்கில்தான் சேரும்.

அவளை அழைத்து வர நானே ஏணியில் ஏறினேன் தம்பி. பாதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். மேஸ்திரி என்னை சிமென்ட் மூட்டையை இறக்குவதுபோலத் தோளில் போட்டு இறக்கினார். மருந்துக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் தினமும் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து, தெருவில் நின்று, தான் குடியிருக்க வேண்டிய ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். “ஏன் சார், அம்மா உள்ளேயே இருக்காங்களே, அவங்கதான் வாடகைக்கு வந்திருக்காங்களா” என்று ஒரு நாள் கேட்டார்.

உன் அக்காளோ அங்கே சௌக்கியமாக இருக்கிறாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வரும் அம்மாளும் இவளும் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் பேசிக்கொள்கிறார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கிறது. உன் அக்காள் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்பது எனக்குத் தெரியாது. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்கலாமென்று ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கீழே ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை.

ஆகவே நான் கோருவது: வராத வாடகை, ஏணி வாடகை, தீய்ந்த பாத்திரங்கள், கூடத்தில் பீரோ அடைத்துக்கொண்டிருக்கும் இடம். இவற்றோடு, மனைவி இருந்தும் இல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை. அதற்கு என்ன ரேட் என்று கொள்முதல் விதிகளில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். நீயே நியாயமாக ஒன்றைப் போட்டு அனுப்பு. தராவிட்டால் ஆர்டரை ரத்து செய்து வெளியாளிடம் கொடுப்பேன். உறவு பார்க்க மாட்டேன்.

உன் பட்டறையில் நெருப்புப் பொறி ஓயாமல் பறக்க வேண்டும், உன் மனைவி பரிமாற நீ நாளும் சுடச்சுடச் சாப்பிட வேண்டும் என்று, ஆறிப்போன தட்டின் முன்னால் உட்கார்ந்து வாழ்த்துகிறேன். பிள்ளைகளுக்கு என் அன்பு. வெல்டருக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
சரக்குக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர்,
உன் அத்தான்.

பி.கு.: உறையில் போடுவதற்கு முன், சாட்சி வேண்டுமே என்று, வாசலில் நின்று கடிதத்தை உன் அக்காளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். எதிர்வீட்டு அம்மாளும் கேட்டார். பிறகு உன் அக்காள், “அவனைத் திட்டாதீங்க. படிக்கட்டு எப்பவோ ரெடியாயிடுச்சு. நான்தான் இப்ப அனுப்பாதடான்னேன்” என்றாள். ஏன் என்றேன். “யாரும் எதுவும் சொல்லாம கொஞ்ச நாள் சமைச்சுப் பார்க்கணும்னு இருந்துச்சு” என்றாள். கொள்முதல் பிரிவில் யாரும் எனக்கு இப்படிப் பதில் எழுதியதில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகினேன். அப்புறம் ஏணியில் கால் வைத்தேன். பாதியில் வழக்கம்போல நின்றுவிட்டேன். “கீழ பார்க்காதீங்க, என்னைப் பாருங்க” என்று கையை நீட்டினாள். ஏறிவிட்டேன். டீ கொடுத்தாள். அதில் சர்க்கரை இருந்ததா என்பது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இங்கே நல்ல காற்று வருகிறது தம்பி. மேலே குறிப்பிட்ட கோரிக்கைகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார். கீழ்வீடு காலியாகத்தான் இருக்கிறது, பீரோவும் அங்கேயே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சாவியையும் இந்தக் கடிதத்தையும் ஒரே வாளியில் இறக்குகிறேன். சாவி அவருக்கு, கடிதம் தபாலுக்கு. படிக்கட்டை இப்போது அனுப்ப வேண்டாம். இறங்க வேண்டிய அவசியம் வந்தால் எழுதுகிறோம்.