பந்தலா, தோட்டமா, தோப்பா?

தமிழுக்குத் தொண்டு செய்தவர்களின் வரிசையில், தருமபுரி மாவட்டத்தில் இயங்கும், பெயர் வெளியிட விரும்பாத ஓர் அலுவலகத்துக்குத் தனி நாற்காலியே போட வேண்டும்.

நல்லம்பள்ளிப் பக்கம் திராட்சை போட்டிருந்தாள் காசியம்மாள். சித்திரை வெயிலில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. மோட்டார் ஓடவில்லை. கொடிகள் துவண்டு தொங்கவே, அந்த அலுவலகத்தின் படியேறினாள்.

"எங்க திராச்சப் பந்தலுக்குக் கரண்டு வேணுங்க."

உதவி அதிகாரி நவநீதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பந்தல்னா தற்காலிக இணைப்புதாம்மா. முகூர்த்தம் என்னைக்கு?"

"கண்ணாலம் இல்லைங்க. கொடி படர்ற பந்தலுங்க."

"அப்ப தோட்டம்னு சொல்லுங்க."

"சரிங்க, தோட்டம்."

"சொன்னவுடனே மாத்துறீங்களே! தோட்டம்னா செடி இருக்கணும். தோப்புன்னா மரம். உங்களுது கொடி. இது நான் ஒருத்தன் முடிவு பண்ற விஷயமில்லம்மா."

வந்த கோபத்தை அவள் விழுங்கிக்கொண்டாள். கரண்டு அவர் கையில் அல்லவா இருக்கிறது?

'சொல்லாய்வு உயர்மட்டக் குழு' குளுகுளு அறையில் கூடியது. முந்திரிப் பக்கோடாவைக் கடித்த கணத்தில்தான் பேராசிரியை நிர்மலாதேவிக்குத் திராட்சைக்கான அந்தப் பழஞ்சொல் உதித்தது: "கொடிமுந்திரி!" அதோடு வயலைக் குறிக்கும் 'புலம்' சேர்க்கலாம் என்றார் ஒருவர். 'புலம்பல்' போல ஒலிக்குமே என்று கவலைப்பட்டார் இன்னொருவர். அந்தக் கவலையைத் தீர்க்க மேலும் மூன்று கூட்டங்கள் நடந்தன.

இங்கே காசியம்மாளும் அவள் புருஷன் மாதுவும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். காய்கள் மிளகு போலச் சுருங்கின. ஒரு காலையில் மாது அரிவாளை எடுத்தான். அவள் தடுக்கவில்லை. வேலியோரம் போய் நின்று அழுதாள்.

மறுவாரம் இரண்டு ஜீப்புகள், ஒரு மைக், ரோஜா மாலை, 'கொடிமுந்திரிப் புலம்' என்று எழுதிய பச்சைப் பலகை சகிதம் குழு முழுவதும் வந்து இறங்கியது.

"கொடி எங்கம்மா?" என்றார் நவநீதன்.

"காஞ்சு போச்சுங்க. வெட்டிட்டோம்."

அவருக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. "ஐயோ, எவ்வளவு நல்ல பேரு, வீணாப் போகுதே! இப்ப இந்த நெலத்தை என்னன்னும்மா சொல்றது?"

"சுடுகாடுன்னு எழுதிக்கோங்க சார். அதுக்குக் கூட்டம் வேணாங்க. கொன்னவங்க பேரை மட்டும் அடியில போட்டுருங்க. எல்லாருமே வந்திருக்கீங்க, ஒருத்தரும் விட்டுப் போயிடக் கூடாது பாருங்க."