வால் கிடைக்காத விமானம்

இந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியை ஆறு மணி பஸ்ஸில் ஏறவிடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அழுது தடுக்கலாம். எனக்கு அழ வராது. வாயைத் திறந்து சொல்லித் தடுக்கலாம். அது அழுகையைவிடக் கஷ்டம். அதனால் ஒரு போர் விமானத்தை வைத்துத் தடுப்பதென்று திட்டம்.

விமானம் உனக்கு ஏது என்று கேட்பீர்கள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு பழைய விமானத்தளம் இருக்கிறது. உலகப் போர் நடந்தபோது போட்டது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளம் மட்டும் போக இடமில்லாமல் அங்கேயே படுத்துவிட்டது. ஓடுபாதை சிமென்டைப் பிளந்துகொண்டு இடுப்பளவு புல். மழை பெய்து ஓய்ந்தால் மண்ணுக்குள்ளிருந்து அலுமினியத் துண்டுகள் தலை நீட்டும். நொறுங்கிப்போன விமானங்களின் மிச்சம்.

கல்யாணமான புதிதில் மாலையானால் இருவரும் அங்கே நடப்போம். நான் பொறுக்குவேன், அவள் அடையாளம் சொல்வாள். அவள் பம்ப் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஒரு துண்டை விரலால் தடவிப் பார்த்து, "ஆணி நெருக்கமா இருக்கு, இறக்கை" என்பாள். ஓரத்தில் எண் அடித்திருந்தால் யோகம்தான். எந்த ரக விமானம், எந்தப் பகுதி என்பதைத் தான் குறித்து வைத்திருக்கும் நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். நான் அச்சகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். வீட்டிலேயே வேலை, கண்ணுக்கு மட்டும் வேலை, வாய்க்கு முழுநாள் விடுமுறை. ஆனால் அந்தப் புல்லுக்குள் நுழைந்தால் எனக்குப் பேச்சு வரும். இதை ஓட்டினவன் எப்படிப்பட்டவன், கீழே இறங்கும்போது யார் முகத்தை நினைத்துக்கொண்டு இறங்கினான் என்று ஏதேதோ சொல்வேன். அவள் 'உம்' கொட்டிக்கொண்டே வருவாள்.

பொறுக்கியதைப் போட வீட்டில் மூன்று அட்டைப்பெட்டிகள். 'இறக்கை', 'வால்', 'தெரியாது.' தெரியாதுதான் இருப்பதிலேயே பெரிய பெட்டி.

மூன்று மாதத்துக்கு முன் அவளைத் தற்காலிகமாகக் கிளைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் நாலு மணி நேரம். பெண்கள் விடுதியில் தங்கல். பதினைந்து நாளுக்கு ஒரு முறை சனிக்கிழமை மத்தியானம் வருவாள், ஞாயிறு ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். நடுவில் துணி துவைப்பாள், தூங்குவாள். அவள் தூங்குவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற நாளெல்லாம் தொலைபேசி. சாப்பிட்டாச்சா என்பாள். ஆச்சு என்பேன். அப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். மாலையில் பழக்கதோஷத்தில் புல்லுக்குள் போவேன். ஒரு துண்டை எடுத்து, "இது என்ன?" என்று திரும்புவேன். பக்கத்தில் புல்தான் நிற்கும்.

போன தடவை வந்தவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அங்கயே நிரந்தரமா இருக்க முடியுமான்னு கேக்கறாங்க. அடுத்த தடவை வந்துட்டுப் போனதும், திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்குள் ஒரு ஊரே கூடி 'போகாதே' என்று கத்தியது. வெளியே வந்தது ஒரே வார்த்தை.

"அப்படியா."

அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

அவள் போய் ஒரு வாரம் கழித்துத்தான் என் மூளை வேலை செய்தது. இதுவரை யாரும் காணாத ஒரு துண்டு அகப்பட்டால்? அடையாளம் கண்டுபிடிக்காமல் கிளம்புவாளா? ஞாயிறு தங்குவாள். திங்கள் தவறும். பதில் போகாது. வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

பக்கத்து வீட்டு வெல்டர் அண்ணனிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூக்கு வேணுமா, வால் வேணுமா?"

"இறக்கைண்ணே. ஒரு முழம் போதும்."

"தம்பி, இறக்கை கொடுத்தா பறந்துதான் போவாங்க. நிக்க வைக்கறதுக்கு இறக்கை கேட்ட ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

ஆனாலும் அலுமினியத் தகடு வெட்டி, வளைத்து, வரிசையாகத் துளை போட்டு ஆணி அடித்துக் கொடுத்தார். நான் பச்சை அடித்தேன். சுரண்டினேன். உப்புத் தண்ணீரில் நாலு நாள் ஊறப் போட்டேன். எண் இல்லாமல் என்ன விமானம்? அவள் மேஜை இழுப்பறையில் ஒரு துணிப்பை, அதற்குள் எண் அடிக்கும் உளிகள். மனதுக்கு வந்த எண்ணை அடித்தேன். அதே பையில் குட்டியாக ஒரு வட்ட முத்திரையும் இருந்தது. கிடைத்தவரை லாபம் என்று ஓரத்தில் அதையும் ஒரு தட்டு. கொண்டுபோய்ப் புதைத்தேன்.

சனிக்கிழமை மழை என் கட்சியில் சேர்ந்தது. ஞாயிறு காலை, சும்மா நடந்துவிட்டு வரலாமா என்றேன். நானாகக் கூப்பிட்டதே அவளுக்கு ஆச்சரியம். புல்லுக்குள் போனதும் ஒரு சிக்கல். புதைத்த இடம் மறந்துவிட்டது. மூன்று இடத்தில், "அடடே, அங்கே ஏதோ மின்னுதே" என்றேன். மூன்றிலும் மண். நாலாவது தடவை அவளே அதை மிதித்தாள்.

எடுத்தாள். தடவினாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஓரத்துக்கு வந்ததும் கண்ணாடி அப்படியே நின்றது. அவள் உதடு துடித்தது. சரித்திரத்தைத் தொட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"ஏங்க, இது சாதாரணத் துண்டு இல்ல. இறக்கை இங்க இருந்தா வாலும் பக்கத்துலதான் இருக்கணும். நீங்க தோண்டுங்க. நான் போய் நோட்டைப் பார்க்கறேன். கிடைக்கற வரைக்கும் வராதீங்க."

மண்வெட்டியை வெல்டர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தோண்டினேன். முதல் குழியில் ஒரு சோடா மூடி. மூன்றாவதில் கரண்டி. ஐந்தாவதில் பாதிச் செருப்பு. உள்ளங்கை கொப்பளித்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் பஸ் ஒரு அடி தள்ளிப் போகிறது என்று எண்ணிக்கொண்டு தோண்டினேன். மத்தியானம் சாப்பாட்டையும் அண்ணன்தான் கொண்டுவந்தார். ஏழாவது குழிக்குள் எட்டிப் பார்த்து, இது யாருக்கு என்றார். வாலுக்கு என்றேன். தேவைக்கு அதிகமாகவே சிரித்தார். சாயங்காலம் தன் வேனுக்கு ஒரு வாடகை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கென்ன வந்தது?

நாலரை மணிக்கு மண் உருவமாக வீட்டுக்கு வந்தேன். வாசலில் அண்ணனின் வேன். வேனுக்குள்ளே பீரோ, கட்டில், என் மேஜை. மூன்று அட்டைப்பெட்டிகளையும் கயிறு போட்டு அண்ணன் இறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முடிச்சில் மும்முரமானார். கூடத்தில் சுவரும் அவளும்தான் மிச்சம்.

"வால் கிடைச்சுதா?"

"இல்ல."

"எப்படிக் கிடைக்கும்? என் வால்தான் மண்ணும் கையுமா வாசல்ல நிக்குதே."

துண்டையும் பூதக்கண்ணாடியையும் என் கையில் கொடுத்தாள். "அந்த வட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு படிங்க."

எள்ளைவிடச் சின்ன எழுத்து. பதினேழு.

"ஏங்க, எனக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"அப்ப, எங்க தாத்தா சின்னப் பையனா இருந்தப்ப சண்டைக்கு வந்த விமானத்துக்கு நான் எப்படிங்க முத்திரை குத்தினேன்? எங்க தொழிற்சாலையில ஆளுக்கு ஒரு எண். பதினேழு நான். சரியா இருக்குன்னு நான் சொன்னாத்தான் இது விழும்."

எழுத்தைப் படித்தே சாப்பிடுகிறவன் நான். அடிக்கும் முன் ஒரு தடவை படித்திருக்கலாம்.

"நீ போகக் கூடாதுன்னுதான்..."

"தகடு வெட்டி, துளை போட்டு, பச்சை அடிச்சு, ஊறவச்சு, புதைச்சு. இதெல்லாம் விட 'போகாதே'ன்னு சொல்றது கஷ்டமா?"

"ஆமா."

ஜன்னல் பக்கம் திரும்பினாள். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"எனக்குத் தகரம் பிடிக்கும்னா நினைச்சீங்க? நாள் பூரா அதைத்தான் பார்க்கறேன். சாயங்காலமும் அதுவேவா? புல்லுக்குள்ள போனாத்தான் நீங்க பேசுவீங்க. அதுக்குத்தான் வந்தேன். அந்த விடுதியில ராத்திரி எல்லாரும் பேசிக்கிட்டே இருப்பாங்க. நான் கேக்க நினைக்கற குரல் மட்டும் இருக்காது."

"போகாதே" என்றேன். நிஜமாகவே சத்தமாக வந்தது.

"போகல," என்றாள். "தனியாப் போகல."

இரண்டு அறை வீடு கொடுத்திருக்கிறார்களாம். சாவி கைப்பையில் இருந்தது. அச்சுத்தாள் எந்த ஊருக்கும் தபாலில் வருமாம். வீட்டுக்காரரிடம் போனிலேயே சொல்லியாயிற்றாம். திங்கட்கிழமை கொடுக்க ஒரு படிவம், அதில் என் கையெழுத்து மட்டும் பாக்கியாம்.

மண் கையோடு வாங்கிப் படித்தேன். 'கணவரின் சம்மதம்' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்தில், 'நேரில் கேட்கப்பட்டது. முழு மனதுடன் ஒப்புக்கொண்டார்' என்று இருந்தது. பக்கத்தில் தேதி.

நான் தகடு வெட்டக் கிளம்பியதற்கு ஒரு வாரம் முன்பு, 'அப்படியா' என்று சொன்ன அதே நாள்.