டைல்ஸ் தட்டிப் பார்ப்பவர்

உலகத்தில் வீடு கட்டுகிறவர்கள் உண்டு, வீட்டை இடிக்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், மேஸ்திரியை விசாரித்தே காலத்தை ஓட்டுகிற மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அதைப் பார்க்க நீங்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர், நீங்கள் காட்டிய நாற்காலியை விட்டுவிட்டுக் கூடத்தின் மூலையில் போய்க் குந்தி, பைக் சாவியால் தரையைத் தட்டிக் காதைச் சாய்க்கிறாரா? அவரேதான்.

நம்முடைய ஆளுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் வைத்த பெயர் 'டொக்கு சித்தப்பா'. சாவி பட்டு 'டிங்' என்றால் டைல்ஸுக்கு அடியில் கலவை நிறைந்திருக்கிறது. 'டொக்' என்றால் காலி. அவருக்குத் தெரிந்த கட்டடக் கலை இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அவர் எத்தனை புது வீட்டுக்காரர்களின் நிம்மதியைக் கெடுத்திருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை.

அவர் வீட்டிலோ, சமையலறை வாசலில் ஒரு டைல் பெயர்ந்து பதினான்கு மாதம். இந்த ஓரத்தை மிதித்தால் அந்த ஓரம் எழுந்து நின்று விசாரிக்கும். அதைத் தாண்டித் தாண்டிப் பழகிய குடும்பம், அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள்ளும் ஒரு தாவு தாவித்தான் நுழைகிறது. கொதிக்கும் பாத்திரத்தோடு மனைவி இரண்டு முறை தடுமாறியாயிற்று. இரண்டாம் முறை, சிந்திய வெந்நீரைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆள் வரணும். இல்லன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அங்க தரை தரையா இருக்கு."

டொக்கு காலண்டரைப் பார்த்தார். அதற்காக விசாரிக்காமல் விட முடியுமா? இதுவரை பதினோரு மேஸ்திரிகள். முதலாமவர் போனை உடனே எடுத்தார். வேலை இல்லாதவன்தானே உடனே எடுப்பான்? தள்ளுபடி. அடுத்தவர் எடுக்கவில்லை, இப்போதே எடுக்காதவன் பிறகா எடுப்பான்? தரை மட்டம் பார்க்கிற ரசமட்டம் ஒருவரிடம் புத்தம் புதிதாக இருந்தது, ஆகவே அனுபவம் போதாது. இன்னொருவருடையது தேய்ந்திருந்தது, ஆகவே அக்கறை போதாது. மிஞ்சியவர்களிடம் அவர்கள் முன்பு வேலை பார்த்த மூன்று வீடுகளின் நம்பரைக் கேட்டு வாங்கி, நேரிலேயே போய்விடுவார். போய்? தட்டுவார். ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் கட்டிலுக்கடியில் புகுந்து தட்ட, பெரியவர் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து, யாரையும் காணாமல், திரும்ப வந்து படுத்துக்கொண்டார். மூன்று முறை.

சனிக்கிழமை பன்னிரண்டாவது மேஸ்திரி வந்தார். தெருவே நல்லவர் என்கிற ஆள். டைலைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். பிறகு டொக்குவை ஏற இறங்கப் பார்த்தார். டொக்கு தொண்டையைச் செருமி, வழக்கமான மூன்று நம்பரைக் கேட்டார்.

"தர்றேன் சார்," என்று மேஸ்திரி பேனாவைத் திறந்தார். "நீங்களும் மூணு நம்பர் குடுங்க."

"யாரு நம்பர்?"

"உங்க வீட்ல வேலைய முழுசா முடிச்சவங்க. நானும் விசாரிக்கணும்ல."

டொக்கு யோசித்தார். பெயின்டர் பாதிச் சுவரில் போனவர். தச்சர் அளவெடுத்த கையோடு போனவர். பிளம்பர் இந்தத் தெருவைத் தவிர்க்க ஊரைச் சுற்றிப் போகிறவர்.

"நான் இருபத்திரண்டு வருஷமா தாக்குப்பிடிக்கிறேன்," என்றது உள்ளிருந்து மனைவியின் குரல். "என் நம்பர எழுதிக்கோங்க."

மேஸ்திரி உள்ளே போய் விசாரித்தார். என்ன பேசினார்கள் என்று டொக்குவுக்குக் கேட்கவில்லை. மேஸ்திரி தலையாட்டிய விதம் மட்டும், நோயாளியின் உறவினரிடம் டாக்டர் தலையாட்டுகிற விதமாக இருந்தது. பிறகு தீர்ப்பு வந்தது. ஞாயிறு காலை வேலை ஆரம்பம். அம்மா வீட்டில் இருக்கலாம். சார் மட்டும் நாலு நாள் மச்சான் வீட்டில். போகும்போது பைக் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

டொக்கு பஸ்ஸில் போனார். மச்சான் குளிக்கப் போகும்வரை பொறுத்திருந்து, ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தட்டினார். டிங். டிங். டிங். பேருக்குக்கூட ஒரு டொக் இல்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"யாரு மச்சான் போட்டது?"

"பேரு ஞாபகம் இல்ல மாப்ள," என்றார் மச்சான், தலையைத் துவட்டிக்கொண்டே. "மொத மொதல்ல போன எடுத்தவரு."

சிரிக்கிறீர்கள். நான் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிங், டொக் என்று மேலே படித்தீர்களே, அப்போது உங்கள் குதிகால் தரையை மெல்ல ஒரு தட்டுத் தட்டியதே, என்ன சத்தம் வந்தது?