தொடாதே மிஸ்ஸி

ஜார்ஜ் டவுனில் ஒரு மனிதன் தன் வயிற்றைத் தானே சொறிந்துகொள்ளக்கூட அனுமதி கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது தொடாதே மிஸ்ஸியின் வார்டுதான்.

மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் நர்ஸ். அவருடைய சொந்தப் பெயர் சட்டையில் குத்தியிருந்தது. யாரும் படித்ததில்லை. தமிழரிடம் "தொடாதே!", மலாய்க்காரரிடம் "ஜாங்ஙான் பெகாங்!", சீனரிடம் ஒரு முறைப்பு. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்.

என் குடல்வால் உள்ளேயே வெடித்து, அதை வெட்டி எடுத்து, வயிற்றில் கட்டோடு என்னைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். கண் விழித்ததும் என்ன இது என்று கட்டைத் தடவிப் பார்த்தேன். பொட்டென்று கையில் ஓர் அடி.

"கட்டு ஒன்னும் பூனைக்குட்டி இல்ல தம்பி, தடவிக் குடுக்க!"

எனக்கு வந்ததே கோபம்! என் வயிறு, என் கை. இவருக்கென்ன?

கோபப்பட நேரம் கொடுத்தால்தானே? போனை நெஞ்சில் வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். "அத டாய்லெட்டுக்கும் கொண்டு போனேல்ல? அதே கையாலதானே பிடிச்ச? போய் கைய கழுவு!" என்னைப் பார்க்க வந்த என் வேலையிடத்துச் சூப்பர்வைசர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இது கோப்பிக் கடை இல்லலா சார், எந்திரிங்க!" அவர் எழுந்த வேகத்தில் கொண்டுவந்த ஆப்பிள்களெல்லாம் உருண்டன. அம்மா கோயில் திருநீற்றோடு வந்தார். நெற்றியில் பூசியவர், கொஞ்சம் கீழேயும் பூசலாமென்று கையை இறக்கினார்.

"சாமி நெத்தியிலயே இருக்கட்டும்மா. வயித்த நாங்க பாத்துக்கிறோம்."

அம்மா வீடு போய்ச் சேரும்வரை புலம்பினாராம். எனக்கும் ரத்தம் கொதித்தது. டிஸ்சார்ஜ் ஆனதும் முதல் வேலையாகப் புகார் கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் பாலிக் புலாவிலிருந்து என் தாய்மாமா வந்தார். டுரியான் பழத் தோட்டத்திலிருந்து நேரே வந்தவர், கையோடு அந்தப் பழ வாசனையையும் ஒரு புட்டி ஜாதிக்காய் எண்ணெயையும் கொண்டுவந்திருந்தார். மிஸ்ஸி சாப்பிடப் போயிருந்த நேரம்.

"நம்ம எண்ணெய மிஞ்சி மருந்தா, மருமகனே?" என்றவர், நான் "வேணாம் மாமா" என்று அலறுவதற்குள் கட்டைத் தூக்கி, விரலாலேயே தடவிவிட்டார். திரும்பி வந்த மிஸ்ஸி மோப்பம் பிடித்தார். வார்டே அதிர்ந்தது. புண்ணைத் துடைத்துப் புதுக் கட்டுப் போடும்வரை மாமா வராந்தாவில் நின்றார்.

இரண்டொரு நாளில் காய்ச்சல் வந்தது. தையலைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சுட்டது. முதலில் கண்டுபிடித்தது மிஸ்ஸிதான். உடனே டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் சில தையல்களைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார். வலியில் எனக்கு உயிர் போய் வந்தது.

"வெடிச்ச குடல்வால். யாரும் தொடாட்டியும் இப்படி ஆகலாம்," என்றார் டாக்டர்.

"ஆகலாம் டாக்டர். அதுக்காக ஆளாளுக்கு கைய விட்டுப் பாக்கணுமா?" என்றார் மிஸ்ஸி. அன்றைக்கு அந்தக் கேள்வியை நானே எழுந்து நின்று கேட்டிருப்பேன், எழுந்து நிற்க முடிந்திருந்தால்.

சேதி கேட்டு ஓடிவந்த மாமா, வாசலிலேயே நின்று தேம்பினார். "மிஸ்ஸி, எம் மருமகன் பொழைச்சிருவானா? நாந்தான் கெடுத்துட்டேனா?"

இப்போது கிழித்துத் தொங்கவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பொழைப்பான் அண்ணே. காச்சல எறக்க மருந்து ஏறுது, புண்ண நான் பாத்துக்கிறேன். நீங்க மொதல்ல ஒக்காந்து தண்ணி குடிங்க," என்றார். பிறகுதான், குரல் உடைந்து, "எத்தன பேரு இப்படி பாசத்தாலயே படுத்துக் கெடக்கிறாங்க தெரியுமா?" என்று கத்தினார். கண் கலங்கியிருந்தது. கோபமா, களைப்பா, எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு தினமும் அவரே கட்டு மாற்றினார். கை கழுவி, உறை மாட்டி, என்னைத் திட்டிக்கொண்டே, பூவைத் தொடுவது போலத் துடைப்பார்.

கெலுகோரிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பிய பின் ஒருநாள் புண்ணைக் காட்ட வார்டுக்குப் போனேன். புண் முழுக்க மூடியிருந்தது. மிஸ்ஸி குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்குலா, தம்பி."

பின்னாளில் வந்த என் மனைவிகூட முகம் சுளிக்கும் தழும்பு அது. அதை அப்படி ரசித்துப் பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.