டெலஸ்கோப்புக்குப் பொட்டு

புதுசாக வந்த பொருளுக்குப் பொட்டு வைக்காமல் உங்களால் இருக்க முடியுமா? அம்சவேணியாலும் முடியவில்லை.

சந்திரகிரி பக்கத்தில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிறவள் அவள். ஆயுத பூஜையன்று விண்வெளி லேபில் இருந்த டெலஸ்கோப்புக்கு, கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியிலேயே சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டாள். லீவு முடிந்து வந்து லேபைத் திறந்த ஆதிகேசவன் அதைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

அரசாங்கப் பணத்தில் வாங்கிய டெலஸ்கோப். அடுத்த தவணை கொடுக்கலாமா என்று பார்க்க, இன்று மூன்று மணிக்கு அதிகாரி வருகிறார். தவணை வராவிட்டால் லேப் மூடும். தினமும் திருத்தணியிலிருந்து பஸ் ஏறி வருகிற லேப் உதவியாளன் ஆதிகேசவனின் கான்ட்ராக்ட் வேலையும் அதோடு சரி.

“பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலியாக்கா?”

“எல்லார் கண்ணும் அங்கதான தம்பி படுது. வேற எங்க வைக்கறது?”

ஈரத்துணியால் துடைத்தான். கண்ணாடி முழுக்கச் சிவந்தது.

“புளி போட்டுத் தேய். எங்கூட்டு குத்துவெளக்கு அப்படித்தான் பளபளன்னு கீது.”

தேய்த்தான். சிவப்பு போனது. புளி போகவில்லை.

“சோடா ஊத்துனா போய்டும்,” என்று ஓடியவள், பன்னீர் சோடாவோடு வந்தாள்.

“இது இனிப்பு சோடாக்கா.”

“கடைல இதான் இருந்துச்சு. குடிச்சிக்கினே தொட.”

அதையும் ஊற்றித் துடைத்தான். மூன்று மணிக்குள் எறும்புகள் வரிசை கட்டிவிட்டன. ஊதினான். நாலைந்து உள்ளே போய்விட்டன.

அதிகாரி முரளி வந்தார். குழாயைச் சந்திரகிரி மலைக் கோட்டைப் பக்கம் திருப்பிக் கண் வைத்தார்.

“ஏமப்பா, கோட்ட மேல யாரோ போய்க்கினு இருக்காங்களே?”

“டூரிஸ்ட்டுங்க, சார்.”

“இவ்ளோ பெருசாவா?”

“வெளியூர்க்காரங்க, சார்.”

“ஆறு கால் இருக்குதே?”

அம்சவேணி முந்திக்கொண்டாள். “குடும்பமா வந்திருப்பாங்க, சார்.”

அதிகாரி நிமிர்ந்தார். கண்ணைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஒரு வட்டம். புருவத்தில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. ஃபைலில் என்னவோ எழுதினார்; கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை, வேலை போச்சென்று சாவியை ஒப்படைக்க வந்த ஆதிகேசவனிடம் அதிகாரியின் டிரைவர் மணிவேல் ஓர் உறையை நீட்டினான். அரசாங்கப் பணத்தில் டெலஸ்கோப் வாங்கிய பன்னிரண்டு கல்லூரிகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் அடுத்த தவணை.

“எறும்பப் பாத்துமா குடுத்தாரு?”

“மத்த பதினோரு காலேஜ்லயும் டெலஸ்கோப் பார்சலே இன்னும் பிரிக்கலண்ணா,” என்றான் மணிவேல்.