ஒன்ஸ்மோர் அண்ணாச்சி கேட்ட மழைப்பாட்டு

பாடி முடித்த பாட்டை மறுபடி முதலிலிருந்து பாடச் சொல்லும் அதிகாரம் இந்த நாட்டில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் கோவில்பட்டியில் எங்கள் தெருவில் இருக்கிறார். மந்திரி கேட்டால் பாடகர்கள் யோசிப்பார்கள், கலெக்டர் கேட்டால் தொண்டையில் சளி என்பார்கள். ஒன்ஸ்மோர் அண்ணாச்சி கேட்டால் மறுபேச்சே கிடையாது.

தொழில் தீப்பெட்டி லேபிள் அச்சடிப்பது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதாம், நான் பார்த்ததில்லை. தபால்காரரே 'ஒன்ஸ்மோர் பிரஸ்' என்று போட்டால்தான் கடிதத்தைச் சரியாகக் கொண்டுவந்து சேர்ப்பார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு சத்தம் விட்டால் பல மைல் தள்ளிக் கயத்தாறில் லாரிக்காரன் பிரேக் போடுவான்.

அதற்காகக் கண்டவனுக்கெல்லாம் ஒன்ஸ்மோரை வாரி வழங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். மகா கறார். "சும்மா கேட்டுருவேனாவே? பாட்டு வந்து நம்ம சட்டையப் பிடிச்சு உலுக்கணும். அப்பந்தான் வாயத் தொறப்பேன்" என்பார்.

உலுக்கிவிட்டால் இடம், பொருள் எதையும் பார்க்க மாட்டார். அவருடைய கல்யாணத்திலேயே நடந்த கதை இது. தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தில் நாயனக்காரர் அன்றைக்குப் பிளந்து கட்டிவிட்டார். முடிச்சுப் போட்ட கையை அப்படியே மேலே தூக்கி மாப்பிள்ளை "ஒன்ஸ்மோர்!" என்று ஒரு சத்தம் விட்டிருக்கிறார். நாயனக்காரர் குஷியாகி மறுபடி ஊத, அட்சதையை வீசித் தீர்த்துவிட்ட ஜனம் வெறுங்கையை வீச, மாமனாருக்கு வந்ததே கோபம்! "மாப்ள, தாலியவும் அவுத்து இன்னொரு தடவ கட்டுவீகளோ?" என்று கேட்டாராம். மணப்பெண்ணான பேச்சியக்கா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. நாற்பது வருஷமாக அந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் தடை. குழம்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் அண்ணாச்சி தட்டைத்தான் நீட்ட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது.

ஒருமுறை, நண்பர் கூப்பிட்டாரே என்று சர்ச் கூட்டத்துக்குப் போனார். போதகர் உருகிப் பேசினார். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து "ஒன்ஸ்மோர்!" என்றார். ஊழியம் பலித்ததென்று போதகர் நெகிழ்ந்துபோய் முக்கால் மணி நேரப் பிரசங்கத்தை முதலிலிருந்து செய்தார். கூட்டம் முடிந்ததும் பரிமாற வைத்திருந்த பிரியாணி ஆறிப்போனது. அடுத்த வருஷம் நண்பர் நேரில் வந்து, "அண்ணாச்சி, நீங்க சாப்பாட்டுக்கு மட்டும் வாங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய புகழெல்லாம் பிறந்த இடம் 'பொன்னரளி' நாடகம். முழுக்க முழுக்கப் பாட்டு. எங்கள் கரிசல்காட்டில் அதைப் பார்க்காதவருக்குப் பெண் கொடுக்கவே யோசித்த காலம் உண்டு. அதில் கதாநாயகி பொன்னரளி, வெடித்த நிலத்தில் நின்று மேகத்தைக் கூப்பிட்டுப் பாடும் பாட்டு ஒன்று வரும். பசுவந்தனைக் கோவில் கொடைவிழாவில் அந்தப் பாட்டுக்கு அண்ணாச்சி நான்கு முறை ஒன்ஸ்மோர் கேட்டார். நான்காவது முறை நிஜமாகவே மழை கொட்டிவிட்டது. களத்தில் மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தவர்கள் பொன்னரளியை விட்டுவிட்டு அண்ணாச்சியைத் துரத்தினார்கள். நானும் கூட ஓடினேன். எந்தக் கட்சியில் ஓடினேன் என்பது இப்போது எதற்கு?

பிறகு நாடகம் நின்றுபோனது. எத்தனையோ வருஷம் கழித்து, இந்தத் தை மாதம், வெளியூர் இளைஞர்கள் சிலர் 'பொன்னரளி'யை மறுபடி மேடையேற்றுவதாக நோட்டீஸ் வந்தது. அதுவும் முதல் ஆட்டமே கோவில்பட்டியில், கல்யாண மண்டபத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு. ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அண்ணாச்சியின் நேரத்தைப் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்திருந்தது. "மூணு மாசம் பேசவே கூடாது. கத்துனீங்கன்னா குரல் போனது போனதுதான், திரும்ப வராது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணாச்சி சட்டைப்பை நிறையக் கழிவு லேபிள்களை வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் எழுதிக் காட்டித்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

நோட்டீஸைப் பார்த்ததும் ஒரு லேபிளில் 'போகணும்' என்று எழுதினார்.

"ஒண்ணும் வேண்டாம். பாட்டக் கேட்டா ஒங்க வாய் சும்மா கெடக்காது" என்றார் பேச்சியக்கா.

'கத்த மாட்டேன். சத்தியம்.'

"கல்யாணத்தன்னைக்கு அந்த வாய நான் பாத்துட்டேன்லா?"

பதினேழு லேபிள்கள் தீர்ந்த பிறகு ஒப்பந்தமானது. அக்காவும் கூடவே போவார். பக்கத்திலேயே உட்காருவார். தேவைப்பட்டால் வாயில் அடைக்கத் துண்டு ஒன்றும் போகும்.

மண்டபத்தில் உட்கார இடமில்லை. அண்ணாச்சி இரண்டாம் வரிசையில் இருந்தார், நான் அவருக்கு நேர் பின்னால். ஆளாளுக்கு வந்து அவரிடம் பழைய கதை சொன்னார்கள். எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா, "அந்த மழைப்பாட்டு கேக்கையிலதான்யா எனக்கு இடுப்புவலி எடுத்துச்சு. அதான் மகளுக்கு அந்தப் பேரே வச்சிட்டேன்" என்று, தலை நரைத்த மகளை முன்னால் தள்ளிவிட்டார். அண்ணாச்சி எழுந்து அந்தப் பொன்னரளியைக் கும்பிட்டார்.

நாடகக்குழுத் தம்பி ஒருவரும் பதறியபடி வந்தார். "ஐயா, உங்களைப் பத்திச் சொன்னாங்க. எங்களுது ரெக்கார்டு மியூசிக். பென்டிரைவ்ல ஓடுது. நடுவுல நிறுத்துனா எல்லாம் குழம்பிரும். தயவுசெஞ்சு ஒன்ஸ்மோர் மட்டும் கேட்டுராதீங்க."

அண்ணாச்சி எழுதினார்: 'நல்லா இருந்தா?'

தம்பி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவியளால பேசவே முடியாதுய்யா, நீங்க தைரியமாப் போங்க" என்று அக்காதான் அனுப்பி வைத்தார்.

நாடகம் தொடங்கியது. குறை சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும், மழைப்பாட்டு வந்தது. பாடிய பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். அடி ஆத்தீ, என்ன குரல் அது! பாடி முடித்தாள். அத்தனை தலையும் மேடையை விட்டுவிட்டு இரண்டாம் வரிசைப் பக்கம் திரும்பியது. மேடையிலிருந்த பெண்ணும் அங்கேயேதான் பார்த்தாள். அவளுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இந்த மனுஷன் இருக்கிற குரலை இங்கேயே வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார் என்று முடிவே செய்துவிட்டேன். அக்காவின் துண்டைத் தேடினேன். அது கீழே கிடந்தது.

"ஒன்ஸ்மோர்!"

கத்தியது பேச்சியக்கா.

கணவரின் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்துவிட்டு, கையைத் தூக்கி, நாற்பது வருஷத் தடையை அவரே உடைத்தார். "ஒன்ஸ்மோர்! ஏட்டி, இன்னொருக்கப் பாடுட்டி தங்கம்!"

அவ்வளவுதான், மண்டபம் மொத்தமும் எழுந்து கத்தியது. நானும் கத்தினேன். பென்டிரைவுக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு அடுத்த காட்சியின் பேரிகையை முழக்க, ராஜா வாளோடு நுழைந்தார். "ராசா, செத்த உள்ள போய் இரும்யா!" என்று நூறு குரல். ராஜா வந்த வழியே திரும்பினார். யாரோ மியூசிக்கை நிறுத்தினார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் குரலில் முதலிலிருந்து பாடினாள். எங்கள் ஊரில் பிறந்ததற்கு நான் இவ்வளவு பெருமைப்பட்டது வேறெப்போதும் இல்லை. மழை மட்டும் வரவில்லை, மண்டபத்துக்குக் கூரை இருந்தது.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி பையில் மிச்சமிருந்த ஒரே லேபிளை எடுத்து எழுதி அக்காவிடம் நீட்டினார். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

'பேச்சி, ஒன்ஸ்மோர்.'

அக்கா வெட்கப்பட்டு அங்கேயும் இங்கேயும் பார்த்தார். நாற்காலி அடுக்கும் சத்தத்துக்கு நடுவே, அவர் காதுப் பக்கமாகக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, இன்னொரு தடவை சொன்னார். எனக்கும் கேட்டுவிட்டது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.